நடைபாதையில் கம்பம்: யாரிடம் புகார் கொடுப்பது?

எங்கள் தோட்டப்புறப் பட்டணத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கிளினிக் வரை ஒரு நடைபாதை இருக்கிறது. முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பெரியம்மாவை இப்போது சக்கர நாற்காலியில் வைத்து அதன் வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். ஒரு நாள் அளவுநாடாவையும் எடுத்துப் போனேன். பாதையின் அகலம் 122 சென்டிமீட்டர். நட்டநடுவில் ஓர் அறிவிப்புப் பலகையின் இரும்புக் கம்பம். அதற்கு அந்தப் பக்கம் 56, இந்தப் பக்கம் 58. பெரியம்மாவின் நாற்காலி 65. அதனால் ஒவ்வொரு முறையும் செம்பனைக் குலை லாரிகள் ஓடும் சாலையில் இறங்கித்தான் ஏற வேண்டியிருந்தது.

இதைப் பொறுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685), 26ஆம் பிரிவில், பொது வசதிகளை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. அந்த வசதிகளை எல்லாருக்கும் ஏற்ற வடிவமைப்பில் அமைக்க நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை அரசாங்கத்துக்கும் வசதி வழங்குவோருக்கும் அதே பிரிவு கொடுக்கிறது. ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும்: மீறியவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. ஆகவே இதை மட்டும் காட்டினால் போதாது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தையும் (சட்டம் 133) சேர்த்துக் காட்டுங்கள். பொது இடத்தில் சுவர், வேலி, கம்பம் போன்றவற்றை எழுப்பி வழியை மறிப்பது அதன் 46ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு அபராதம் உண்டு. கடைக்காரர் ஐந்தடியில், அதாவது கடை முன்னுள்ள நடைபாதையில், நிறுத்தும் விளம்பரப் பலகைக்கு நேராகப் பொருந்துவது இந்தப் பிரிவுதான்.

எந்தச் சட்டத்தைக் காட்டினாலும், கம்பம் யாருடையது என்று தெரியாமல் புகார் எழுதினால் கடிதம் மேசைக்கு மேசை அலையும். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் மின்கம்பத்தில் எண் இருக்கும். அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துப் பலகைக்குப் பொறுப்பு அது நிற்கும் சாலையைப் பொறுத்தது. கூட்டரசுச் சாலை, அதாவது மத்திய அரசின் சாலை என்றால் பொதுப்பணி இலாகா. தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளின் சாலைகளும் கடைத்தெருச் சந்துகளும் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தின் பராமரிப்பில் இருப்பவை. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஊருக்குள் ஓடும் பெரிய சாலையே கூட்டரசு முதலாம் எண் சாலை. அதிலிருந்து பத்தடி திரும்பினாலே பொறுப்பு மாறிவிடக்கூடும்! சந்தேகமாக இருந்தால் மன்றத்துக்கே எழுதி, சாலை யாருடையது என்றும் கேளுங்கள்.

மின்கம்பத்தைத் தன் வீட்டு வசதிக்காக மாற்றச் சொன்னால் அதன் செலவு, மாற்றச் சொன்னவர் தலையில்தான் விழும். பொதுப் பாதைக்காகக் கேட்கும்போது மன்றத்தின் வழியாகவே போங்கள்.

புகாரை மலாயில் எழுதுவது நல்லது. "தியாங் மெங்ஹாலாங் லாலுவான் பெஜாலான் காக்கி", அதாவது கம்பம் நடப்போர் வழியை மறிக்கிறது என்ற ஒரு வரி போதும். படம் இரண்டு: தூரத்திலிருந்து ஒன்று, அளவுநாடா விரித்துக் கிட்டத்தில் ஒன்று. கடை எண்ணையும் சாலைப் பெயரையும் மறக்காதீர்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். இணையத்தில் அனுப்பினால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்டவர் சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருந்தால் அதன் நகலையும் இணைக்கலாம். அட்டை இல்லாதவரும் புகார் கொடுக்கலாம். குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் கோல் ஊன்றும் தாத்தாவுக்கும் அதே பாதைதான்.

பதில் வராவிட்டால் உங்கள் வட்டாரத்தைக் கவனிக்கும் மன்ற உறுப்பினரைப் பாருங்கள். அவர் மாநில அரசு நியமித்தவர். மன்றக் கூட்டத்தில் உங்கள் புகார் எண்ணைச் சொல்லிக் கேட்க அவரால் முடியும். வாயால் சொல்லிவிட்டு வராமல் நகலை அவர் கையில் கொடுங்கள்.

எங்கள் புகாருக்கு மூன்றாம் வாரம் ஆள் வந்து பார்த்தார். அந்தப் பலகை இப்போது சுவரோரம் நிற்கிறது. அடுத்த சந்தில் இதே போல் ஒரு மின்கம்பம் மறித்துக்கொண்டிருக்கிறது. அதன் புகார் எண் பெரியம்மாவின் கிளினிக் அட்டைக்குள் இருக்கிறது.