ஹைலக்ஸ் என்று சொன்னால் மட்டும் போதாது

அறுவடை முடிந்த கையோடு ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஓர் அண்ணன் தன் பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை மாங்குளத்திலுள்ள எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். நெல் மூடை ஏற்றினால் பின்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டுகிறது என்றார். பின் இடது சில்லைக் கழற்றினேன். ஐந்து துளைகளும் முட்டை வடிவில் நீண்டிருந்தன. உள்விளிம்பில் அரம் ராவிய கீறல். ஒவ்வொரு நட்டின் அடியிலிருந்தும் துரு, கிரவல் மண்ணின் நிறத்தில் கோடாக வழிந்திருந்தது.

பழைய சில்லு வெடித்துவிட்டதாம். “ஹைலக்ஸுக்கு, ஐந்து துளை” என்று கேட்டு வாங்கியிருக்கிறார். பூட்ட முடியாமல் போகவே, விற்ற இடத்திலேயே துளையை ராவிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போவதும் அதே வாகனம்தான்.

துளைகளின் எண்ணிக்கை பாதிக் கணக்குத்தான். அந்தத் துளைகளின் மையங்கள் வழியே ஒரு வட்டம் கீறினால் அதன் விட்டம் எவ்வளவு என்பதே மீதிக் கணக்கு. பழைய ஹைலக்ஸிலேயே இரண்டு வகை உண்டு: இருசில்லு இழுவைக்கு ஐந்து ஆணி (சில்லின் துளைகளில் நுழைந்து நட்டைப் பிடிக்கும் போல்ட்), 114.3 மில்லிமீற்றர், நாற்சில்லு இழுவைக்கு ஆறு ஆணி, 139.7 மில்லிமீற்றர். அதனால் வாகனத்தின் பெயரை நம்பாதீர்கள். நம்மூரில் ஓடும் பழைய பிக்கப்பில் எந்த அச்சு எந்த வண்டியிலிருந்து வந்தது என்று இன்றைய உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அளப்பது கடினமில்லை. ஆறு ஆணி என்றால் நேரெதிர் ஆணிகளின் மையத்துக்கு மையம் அளந்தால் முடிந்தது. ஐந்தில் நேரெதிர் ஆணி கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஆணிகளின் இடைவெளியை வேர்ணியர் அளவுகோலால் அளந்து, ஓர் ஆணியின் தடிப்பைக் கூட்டினால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் வரும். அதை 1.701ஆல் பெருக்குங்கள். அண்ணனின் வண்டியில் அந்த மையத் தூரம் 67.2 மில்லிமீற்றர், அதாவது 114.3 வகை. வாங்கிய சில்லில் 70.5, அதாவது அது 120 வகை. மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குப் படாது. ஆனால் ராவிய துளையில் நட்டின் கூம்பு முழுதாக அமராது. ஓரத்தில் மட்டும் பிடிக்கும். பாரம் ஏறி உருளும்போது சில்லு அசையும், நட்டு தளரும், கடைசியில் ஆணி ஒடியும்.

விட்டம் ஒத்துவந்தாலும் நடுத்துளையைப் பாருங்கள். 139.7 வகைச் சில்லுகள் எல்லாவற்றுக்கும் நடுத்துளை ஒரே அளவல்ல. சிறியது ஹைலக்ஸின் மையத்தில் ஏறாது. நட்டும் அப்படித்தான். அலோய் சில்லுக்கு வரும் தட்டையான வாஷர் நட்டை இரும்புச் சில்லில் போடக் கூடாது. மரைச் சுற்றுகளின் இடைவெளி ரொயோட்டாவில் 1.5 மில்லிமீற்றர், நிசானில் பெரும்பாலும் 1.25. ஒன்றை மற்றதில் ஏற்றினால் ஓரிரண்டு சுற்றில் இறுகிவிடும். அங்கே நெம்புகோலை எடுக்காதீர்கள். நட்டு கையாலேயே கடைசிவரை ஏற வேண்டும்.

ராவிய சில்லை அண்ணனிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு காட்போட் மட்டையை ஆணிகளின்மேல் அழுத்தி, பதிந்த இடங்களில் துளையிட்டு, ஓரத்தில் 114.3 என்று எழுதிக் கொடுத்தேன். வவுனியாவில் நான்கு இடத்தில் அந்த மட்டையை வைத்துப் பார்த்து, ஐந்தாவது இடத்தில்தான் வாங்கினாராம்.