விரல் வைத்துக் காட்டும் வலி: ஓடுபவர்களின் பாதம் பற்றி ஓர் இயன்முறை மருத்துவரின் குறிப்புகள்

வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டிய பூங்காவிலும் நேதாஜி விளையாட்டரங்கத்திலும் காட்பாடிச் சாலைகளின் ஓரத்திலும் விடியற்காலையில் ஓடுபவர்கள் பல தரப்பினர். சர்க்கரை எட்டிப் பார்த்ததும் நடக்கத் தொடங்கி, நடையிலிருந்து மெல்ல ஓட்டத்திற்கு மாறிய நடுவயதினர் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டங்களுக்கு நண்பர்களோடு சேர்ந்து பெயர் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் இளைஞர்கள் வேறொரு பக்கம். இவர்கள் பாத வலியோடு சிகிச்சைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்: "போட்டிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு சார், ஓடலாமா?" காலுக்கு என்ன ஆயிற்று என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வரிசையை மாற்றி, எந்த வலியோடு ஓடலாம், எந்த வலி வந்தால் அன்றே நிறுத்த வேண்டும் என்பதை ஓரளவேனும் நீங்களே கண்டுகொள்ள உதவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. சாதாரண வேகத்தில் ஓடுபவர் மீட்டருக்கு ஏறத்தாழ ஓர் அடி வைக்கிறார் என்று கொண்டால், 10 கிலோமீட்டரில் ஒவ்வொரு பாதமும் சுமார் 5,000 முறை தரையில் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. எலும்பும் தசைநாரும் இந்தச் சுமைக்குப் பழகக் கூடியவையே. ஆனால் மூச்சும் இதயமும் பழகும் வேகத்தில் அவை பழகுவதில்லை. நான்கைந்து வாரங்கள் ஓடியவருக்கு மூச்சிரைப்பு குறைந்து, ஓட்டம் இலகுவாகிவிடும். எலும்பிலோ, சுமையைத் தாங்கிய பழைய பகுதி கரைக்கப்பட்டு, அந்த இடத்தில் உருவாகும் புதிய பகுதி இன்னும் உறுதிப்படாத நிலை அது. "நல்லா ஓட முடியுதே" என்று தூரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் கூட்டுவதும் அதே சமயத்தில்தான் நடக்கிறது.

மிகுதியாகக் காணப்படுவது குதிகால் வலி. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் முள் குத்துவது போன்ற வலி, நடக்க நடக்கக் குறைந்து, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தாலோ மாலையிலோ திரும்பி வரும். உள்ளங்காலின் வளைவைத் தாங்கும் தடித்த சவ்வு குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் நைந்து போவதே இதற்குக் காரணம். ஓடுபவர்களுக்கு மட்டும் உரியதன்று இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் காலணித் தொழிற்சாலைகளில் கடினமான தரையில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களுக்கும் அதே வலிதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று கேள்விப்பட்டவர்கள் மிகவும் அஞ்சிவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த எலும்பு நீட்சி இருக்கும். அதை வெட்டி எடுத்தால்தான் வலி போகும் என்று எண்ண வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சையின்றியே, சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் இது அடங்கிவிடும்.

இதற்கான பயிற்சிகளில் நான் முதலிடம் கொடுப்பது, 2014இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறைக்கு. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து விரல்கள் மேல்நோக்கி வளையும்படி செய்துகொண்டு, மூன்று விநாடிகளில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடிகள் நிறுத்தி, மூன்று விநாடிகளில் இறக்க வேண்டும். ஒன்று விட்டு ஒரு நாள் செய்தால் போதும். வலு கூடக் கூட முதுகுப்பையில் புத்தகங்களை வைத்துச் சுமையைக் கூட்டலாம். மூன்று மாத அளவில், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் தேறியிருந்தார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. குதிகால் வலி உள்ளவர் ஓட்டத்தை முழுமையாக விட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. ஓடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலை முதல் அடியின் வலி முந்தைய நாளைவிடக் கூடாமலும் இருந்தால், தூரத்தைப் பாதியாக்கிக்கொண்டு தொடரலாம்.

இப்போது நான் உண்மையில் அஞ்சும் வலிக்கு வருகிறேன். பாதத்தின் மேற்புறத்தில், விரல்களுக்குப் பின்னால் நீண்டிருக்கும் எலும்புகளில் ஏதேனும் ஒன்றின் மீது, நோயாளி ஒற்றை விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்டுவார். முதலில் ஓட்டத்தின் கடைசியில் மட்டும் தெரிந்த வலி, பிறகு தொடக்கத்திலேயே வரும். அதன் பிறகு நடக்கும்போதும், இறுதியில் படுத்திருக்கும்போதும் கூட வரும். குதிகால் சவ்வின் வலி உடல் சூடேறினால் குறைகிறது. இந்த வலி ஓட ஓடக் கூடுகிறது. வீங்கிய இடத்தை அழுத்தினால் துள்ளி எழச் செய்யும். இவை சேர்ந்திருந்தால் அது எலும்பில் விழுந்த அழுத்த விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். சிலர் ஒற்றைக் காலில் குதித்துச் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். விரிசலை முறிவாக்கக் கூடிய அந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள்.

இந்நோயை முதலில் விவரித்தவர் பிரைத்தாவுப்ட் என்ற புருசிய ராணுவ மருத்துவர், ஆண்டு 1855. அணிவகுத்து நெடுந்தூரம் நடந்த படைவீரர்களின் பாதங்கள் காரணமின்றி வீங்கி வலித்ததை அவர் பதிவு செய்தார். எலும்பில் ஏற்பட்ட விரிசலே காரணம் என்பது 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்பே தெளிவாயிற்று. அதே எக்ஸ்ரேதான் இன்று பலரை ஏமாற்றவும் செய்கிறது. வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் விரிசல் பெரும்பாலும் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கி, அதைச் சுற்றிப் புதிய எலும்பு படியும்போதுதான் தெரியும். "படத்துல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்ற மகிழ்ச்சியில் மறுநாளே ஓடப் போனவர்கள், ஒரு மாதத்திற்குப் பிறகு முறிவோடு வருவது எங்கள் துறையில் புதிதன்று. ஐயம் வலுவாக இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அல்லது விரிசல் என்றே கருதி ஓய்வு கொடுத்து, மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரேயை மீண்டும் எடுக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குப் பின்னுள்ள எலும்புகளில் விழும் விரிசல் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். மாவுக்கட்டு பலருக்குத் தேவைப்படாது. அடிப்பகுதி வளையாத காலணியும் ஓய்வுமே போதும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடிப்பகுதியிலோ, கணுக்காலுக்கு முன்னே பாத வளைவின் உச்சியில் இருக்கும் படகு வடிவ எலும்பிலோ விரிசல் விழுந்தால் நிலைமை வேறு. அங்கே இரத்த ஓட்டம் குறைவு என்பதால் எலும்பு கூடாமலே போகலாம். எலும்பு மருத்துவரை உடனே பார்க்க வேண்டிய இடங்கள் இவை. நம் பகுதியில் கால் வலித்தால் சுளுக்கு எடுப்பதும், மஞ்சள் பத்துப் போடுவதும், புத்தூர் கட்டுக்குப் பேருந்து ஏறுவதும் தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம். எங்கே போவதானாலும், ஒற்றை இடத்தில் வலிக்கும் எலும்பை உருவிவிட மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்தது வலி மாத்திரை. பணம் கட்டியாகிவிட்டது, டி-ஷர்ட்டும் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக, ஓட்டத்தன்று காலையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ விழுங்கிவிட்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். வியர்த்து நீர் வற்றிய உடலில் இம்மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும். வேலூர் வெயிலைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய கேடு, எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு ஓடுவது. வலியை உணராத பாதம் என்ன ஆகும் என்பதை உலகத்திற்குக் காட்டிய ஊர்களுள் நம் ஊரும் ஒன்று. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயினால் தாமாக அழுகி உதிர்வதில்லை என்பதையும், உணர்ச்சி அற்றுப் போனதால் அவர்கள் அறியாமலே படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்பதையும் இங்கேதான் ஆராய்ந்து நிறுவினார். வேலூரிலும் அருகே கரிகிரியில் உள்ள தொழுநோய் மருத்துவமனையிலும் நடந்த அப்பணியின் தொடர்ச்சியாகத்தான், உள்ளங்காலின் அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் செருப்பு பலரது கால்களுக்கு வந்தது. நோயினால் வலியை இழந்தவர்களின் பாதங்களைக் காக்க அவ்வளவு பாடுபட்ட ஊரில், நலமான பாதத்தின் வலியை மாத்திரையால் மரக்கச் செய்துவிட்டு ஓடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. குதிகாலில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிக்கும் இது பொருந்தும். சிலருக்கு அது தேவைப்படலாம், ஆனால் அந்தச் சவ்வு அறுந்துபோகும் வாய்ப்பை அது கூட்டுகிறது என்பதால், போட்டிக்கு முன்பாக அதைப் போட்டுக்கொள்வது கூடாது.

சர்க்கரை நோய்க்காக ஓடத் தொடங்கியவர்கள் இவ்விடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கு உள்ளங்கால் உணர்ச்சி மெல்லக் குறைந்திருக்கலாம். குறைந்தது அவர்களுக்கே தெரியாது. 10 கிராம் விசைக்கு வளையும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்ட பின்பே ஓட்டத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் சைக்கிளோ நீச்சலோ நல்லது. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்து, வீக்கத்திற்கேற்ற வலி இல்லாவிட்டால், அதைச் சுளுக்கு என்று எண்ணி நடந்துகொண்டிருக்காதீர்கள். ஷார்கோ பாதம் எனப்படும் அந்நிலையில், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வடிவமே மாறிவிடக் கூடும்.

காலணியைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள்; சொல்வதற்குக் கொஞ்சமே இருக்கிறது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடைவெளி இருக்கட்டும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றுங்கள். விலை உயர்ந்த காலணி காயத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வெளிநாடுகளுக்கெல்லாம் காலணி தைத்து அனுப்பும் ஊர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அண்ணனின் பழைய காலணியைப் போட்டுக்கொண்டு ஓடும் இளைஞர்களைப் பார்க்கத்தான் செய்கிறேன். ஓடும் இடமும் முக்கியம்: சரிவான சாலை ஓரத்தில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் கூடுதல் சுமை விழும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலும் பாதமும் அதிகம் அடிபடுகின்றன.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எடையைக் குறைக்கும் ஆவலில் உணவைச் சுருக்கிக்கொண்டு ஓட்டத்தைக் கூட்டும்போது மாதவிடாய் தள்ளிப் போனாலோ நின்றாலோ, அதை ஓட்டத்தின் இயல்பான விளைவு என்று விட்டுவிடாதீர்கள். உடலுக்குப் போதிய உணவு இல்லை என்பதன் அடையாளம் அது. எலும்பு வலுவிழப்பதும் அதோடு சேர்ந்தே நடக்கும். கேழ்வரகுக் களியும் கூழும் நம் பகுதியில் புதியவை அல்ல. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் மொத்த உணவே பற்றாதபோது கேழ்வரகு மட்டும் எலும்பைக் காக்காது.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளைத் தவறவிடுவதில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த போட்டி வரும். கடினமானது, தேதியை மாற்ற முடியாத ஓட்டம். வீட்டுக்கு வீடு படைவீரர்கள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற கம்மவான்பேட்டையைக் கொண்ட மாவட்டம் இது. சீருடைப் பணி இங்கே ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றும். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களிலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளிலும் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முதலில் நடப்பதால், மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்த இளைஞர்கள், முடிவு வெளியானதும் காலை மாலை இரு வேளையும் வெறுங்காலோடு மைதானத்தில் முழு வேகத்தில் ஓடத் தொடங்குகிறார்கள். பாத எலும்பில் விரிசலை வரவழைக்க இதைவிடச் சரியான வழி இருக்க முடியாது.

அப்படி வரும் இளைஞரிடம், இரண்டாம் அல்லது மூன்றாம் எலும்பில் தொடக்கநிலை விரிசல் என்றால், அன்றிலிருந்து தேர்வு நாள் வரை ஓட்டத்தை நிறுத்தி, சைக்கிளாலும் நீச்சலாலும் மூச்சைக் காத்துக்கொள்ளச் சொல்கிறேன். தேர்வன்று ஓடினால் எலும்பு முழுதாக முறியக் கூடும், அடுத்த சில மாதங்கள் போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொல்லி, எலும்பு மருத்துவரோடும் வீட்டாரோடும் கலந்து முடிவெடுக்க விடுகிறேன். படகு எலும்பில் விரிசல் என்றால் ஓடவே கூடாது என்கிறேன். அந்தக் கால் இனி ஓடுமா என்பதே அங்கே கேள்வி. ஆனால் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடுவதென்பது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி வேகம்தான். நலமான இளைஞருக்குச் சில மாதப் பயிற்சியில் எட்டக் கூடியது. ஆகவே விண்ணப்பம் போடும் வாரத்திலேயே, புத்தகத்தை மூடிவிட்டு வாரம் மூன்று நாள், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக் கூடிய வேகத்தில் இருபது நிமிட ஓட்டத்தைத் தொடங்குங்கள். வேக ஓட்டத்தை இரண்டு மாதம் கழித்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.