கட்டி சினைப்பையில், உதிரம் கருப்பையில்

மாதவிடாய் நின்று ஐந்தாறு வருடம் ஆன ஒருவருக்குத் திடீரென்று மறுபடியும் உதிரம் படுகிறது. உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. டாக்டரிடம் போனால் முதலில் கருப்பையைத்தான் பார்ப்பார். ஸ்கேனில் கருப்பையின் உள்வரி தடித்துத் தெரிகிறது. இந்த வயதில் அது மெலிந்து கிடக்க வேண்டும். தடிக்கச் சொன்னது யார்?

பல காரணங்கள் இருக்கலாம். அரிதான ஒன்று பக்கத்திலிருக்கும் சினைப்பையில் உட்கார்ந்திருக்கும்: கிரானுலோசா செல் கட்டி. சினைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரைதான் இது. நாம் வழக்கமாகக் கேள்விப்படும் சினைப்பைப் புற்றுநோய் சத்தமில்லாமல் வளர்ந்து, வயிறு உப்பிய பிறகு வெளிப்படுவது. இது வேறு ரகம். சீக்கிரமே சத்தம் போடும், ஆனால் அடுத்த வீட்டிலிருந்து.

ஏன் என்று புரிய, கிரானுலோசா செல்லின் அன்றாட வேலையைப் பார்க்க வேண்டும். சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையையும் சுற்றிப் போர்த்தியிருக்கும் செவிலிச் செல்கள் இவை. அண்டையிலிருக்கும் தீக்கா செல்கள் ஆண் ஹார்மோனைத் தயாரித்துத் தர, அதை வாங்கி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது இவைதான். (ஆமாம், பெண் ஹார்மோனுக்குக் கச்சாப்பொருள் ஆண் ஹார்மோன்தான்.) கூடவே இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோனையும் அனுப்பி, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரியிடம் "போதும், தூண்டியது போதும்" என்று சொல்லும். முட்டைகள் தீர்ந்து மாதவிடாய் நிற்கும்போது இந்தச் செல்களும் போய்விடுகின்றன. ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, இன்ஹிபின் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது.

இந்தச் செல்களிலிருந்து கட்டி வந்தாலும் அவை பழைய தொழிலை விடுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டே இருக்கிறது. கருப்பை உள்வரி தடிக்கிறது, உதிர்கிறது, உதிரம் படுகிறது. சிலருக்கு உள்வரியிலேயே இன்னொரு புற்றுநோய் உண்டாகிவிடும். அதனால்தான் கருப்பையை விட்டுவைத்து ஆபரேஷன் செய்வதானால் உள்வரியைச் சுரண்டி எடுத்துச் சோதிப்பார்கள். சிறுமிகளுக்கு வருவது 'இளவயது வகை'. அங்கே இதே ஈஸ்ட்ரோஜன் ஐந்தாறு வயதிலேயே மார்பு வளர்ச்சியாகத் தலைகாட்டும்.

ரத்தப் பரிசோதனையிலும் இதே கணக்குதான். சினைப்பைப் புற்றுநோய் என்றால் எல்லோரும் எழுதும் சி.ஏ.125 இங்கே பெரும்பாலும் கைகொடுக்காது. இன்ஹிபின் பி-யைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றவர் ரத்தத்தில் அது இருக்கவே கூடாது. இருக்கிறது என்றால் எங்கோ ஒரு கிரானுலோசா கூட்டம் வேலை செய்துகொண்டிருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

சரி, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிடலாமே? சினைப்பைக் கட்டியில் பொதுவாக அதைச் செய்வதில்லை. உறை கிழிந்து செல்கள் வயிற்றுக்குள் சிந்தினால், முதல் நிலையில் இருந்த நோயை நாமே ஒரு படி ஏற்றிவிட்டது போலாகும். முழுசாக எடுத்த பிறகுதான் நுண்ணோக்கி.

அங்கே தெரிவது அழகான காட்சி. செல்லின் உட்கரு நடுவே நீளவாக்கில் ஒரு மடிப்பு ஓடும், அசல் காப்பிக்கொட்டை மாதிரி. சில இடங்களில் செல்கள் கும்மியடிப்பது போல வட்டம் கட்டி நிற்கும். நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு சிறு குளம். இதற்குக் கால்-எக்ஸ்னர் உருண்டை என்று பெயர். எம்மா கால் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் வியன்னாவுக்குப் போய், அங்கிருந்த எக்ஸ்னர் என்ற உடலியல் ஆய்வாளருடன் சேர்ந்து 1875-இல் விவரித்தது, அதுவும் முயலின் சினைப்பையில்! பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாக இருந்த காலம் அது.

ஆனால் எல்லாக் கட்டியிலும் இந்தக் கும்மி தெரியாது. வேறு பல கட்டிகளின் வேஷத்தைப் போடுவதில் இது கெட்டி. அந்தக் குழப்பத்துக்கு 2009-இல் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். நான்கு கட்டிகளின் மரபணுச் செய்திகளை வரிசைப்படுத்தியபோது, நான்கிலும் ஒரே பிழை: ஃபாக்ஸ்எல்2 மரபணுவின் 402-ஆம் எழுத்து 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. அதனால் புரதத்தின் 134-ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் டிரிப்டோபான் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேலும் 89 கட்டிகளைச் சோதித்ததில் 86-இல் அதே எழுத்து, அதே இடம். இவையெல்லாம் பெரியவர்களுக்கு வரும் வகை. இளவயது வகையில் பத்துக்கு ஒன்றில்தான் இருந்தது. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று! புற்றுநோயில் இவ்வளவு ஒழுங்கு அபூர்வம்.

ஃபாக்ஸ்எல்2 சாதாரண மரபணு அல்ல. கிரானுலோசா செல்லை கிரானுலோசாவாகவே இருக்க வைப்பது அதுதான். வளர்ந்த பெண் எலிகளில் அதை அணைத்தபோது, அந்தச் செல்கள் விந்தகத்துச் செல்களைப் போல மாறின. இதுவும் 2009-இல் வந்த செய்திதான்.

ரிப்போர்ட்டில் "ஃபாக்ஸ்எல்2 பாசிட்டிவ்" என்று இருந்தால் அவசரப்பட வேண்டாம். அது சாயம் ஏற்றிப் புரதத்தைப் பார்த்ததாக இருக்கலாம். அந்தச் சாயம் வேறு சில கட்டிகளிலும் பிடிக்கும். எழுத்துப் பிழையைத் தேடுவது தனிச் சோதனை. "என் மகளுக்கும் வருமா?" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் உண்டு: இந்தப் பிழை கட்டிக்குள் மட்டும் நேர்ந்தது, பரம்பரையாக வருவதில்லை.

பெரும்பாலோருக்கு முதல் நிலையிலேயே பிடிபடுவதால், ஐந்து வருடம் கடப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஆனால் இந்தக் கட்டிக்கு ஐந்து வருடம் ஒரு கணக்கே இல்லை. பத்து, இருபது வருடம் கழித்தும் திரும்பி வரும். அதற்குள் டாக்டர் மாறியிருப்பார், ஊர் மாறியிருக்கும், "அப்போ ஏதோ கட்டி எடுத்தாங்க" என்பது மட்டும்தான் வீட்டில் ஞாபகம் இருக்கும். அப்புறம், வயிற்றில் புதிதாக ஒரு கட்டி தெரியும்போது, அன்று எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்த பழைய கட்டை ஒன்று லேபில் பத்திரமாக இருந்தால், அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அது இதே வகைதானா என்று அந்த 402-ஆம் எழுத்தைப் பார்த்துவிடலாம்.