படிக்காத புத்தகங்கள் ஏன் கூடிக்கொண்டே போகின்றன?

"படிக்கிற அளவுக்குத்தான் வாங்குகிறேன். அப்படியும் படிக்காதவை கூடிக்கொண்டே போகின்றனவே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சோம்பல், கைப்பேசி என்று வழக்கமான குற்றவாளிகளை இந்த ஒருமுறை விட்டுவிடுவோம். இதற்கு விடை கணக்கிலேயே இருக்கிறது.

காத்திருக்கும் வரிசைகள் எப்படி நீளும், எப்படிக் குறையும் என்று கணக்குப் போட வரிசைக் கோட்பாடு என்று ஒரு துறை உண்டு. படிக்காத புத்தக அடுக்கும் அப்படி ஒரு வரிசைதான். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதர் 1909-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. அழைப்புகள் நேரம் காலம் பார்க்காமல் வரும். அதற்கு எத்தனை இணைப்பு வைப்பது என்பதுதான் அவர் கவலை. ஒரு தொலைபேசிக் கம்பெனி சம்பளம் கொடுத்து ஒருவரை உட்காரவைத்து இதை யோசிக்கச் சொல்லியிருக்கிறது! இன்றைக்கு ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தால் 'உடனடிப் பயன் என்ன' என்ற கேள்வியிலேயே எர்லாங் அடிபட்டுப் போயிருப்பார்.

சரி, கேள்விக்கு வருவோம். ஒரு காசைச் சுண்டிக்கொண்டே இருங்கள். தலை விழுந்தால் ஒரு புத்தகம் வாங்குகிறீர்கள். பூ விழுந்தால் ஒன்றைப் படித்து முடிக்கிறீர்கள். இரண்டுக்கும் சம வாய்ப்பு, எனவே வரவும் செலவும் சமம் என்றுதான் தோன்றும். ஆனால் மேசை காலியாக இருக்கும்போது பூ விழுந்தால்? படிக்கப் புத்தகம் இல்லை. அந்த வாய்ப்பு வீண். அதைச் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்தவும் முடியாது. தலை விழுவதோ ஒருமுறைகூட வீணாவதில்லை. கீழே தரை இருக்கிறது, மேலே கூரை இல்லை. இந்தச் சின்ன ஓரவஞ்சனை போதும், அடுக்கு மெல்ல மெல்ல ஏறும். எவ்வளவு மெல்ல? சராசரியாக, காலம் 4 மடங்கானால் உயரம் 2 மடங்கு. 9 மடங்கானால் 3 மடங்கு.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். அடுக்கு என்றாவது ஒருநாள் காலியாகுமா என்று கணிதத்தைக் கேட்டால், "கட்டாயம் காலியாகும்" என்கிறது. நூற்றுக்கு நூறு வாய்ப்பு. சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், "முடிவிலி" என்கிறது. இரண்டுமே உண்மை, இரண்டுமே நிரூபிக்கப்பட்டவை. சில நேரம் சட்டென்று காலியாகும். சில நேரம் அநியாயத்துக்கு இழுக்கும். அந்த இழுவைகள்தான் சராசரியை எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன.

அப்படியானால் படிக்கும் திறனைவிடக் குறைவாகத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு குறைவாக? வாங்குவதும் படித்து முடிப்பதும் ஒழுங்கில்லாமல் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், எளிய சூத்திரம் ஒன்று உண்டு: வாங்கும் எண்ணிக்கையை, மிச்சமிருக்கும் திறனால் (படிக்கக்கூடியதிலிருந்து வாங்குவதைக் கழித்தால் வருவது) வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 20 புத்தகம் படிக்கக்கூடியவர் 10 வாங்கினால், கையில் இருப்பதையும் சேர்த்துச் சராசரியாக 1 புத்தகம்தான் இருக்கும். 16 வாங்கினால் 4. 18 வாங்கினால் 9. 19 வாங்கினால் 19! கடைசியாக வாங்கிய அந்த ஒரே ஒரு புத்தகம் அடுக்கை இரு மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டது. கடைக்காரர் தரும் 10 சதவீதத் தள்ளுபடியில் இந்தச் செலவு தெரியாது.

நடைமுறை இதைவிட மோசம். சூத்திரத்தில் புத்தகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. நம் வீட்டுக்கு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து பைபையாக வருகின்றன. ஆண்டு மொத்தம் அதேதான் என்றாலும், மொத்தமாக வந்து விழுந்தால் வரிசை இன்னும் நீளும். போதாக்குறைக்குச் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாதாம். வரிசைக் கோட்பாட்டில் இதற்குப் 'பணியாளர் விடுப்பு' என்று தனிப் பாடமே உண்டு. படித்தால் கலைமகள் கோபித்துக்கொள்வாளா தெரியாது, படிக்காவிட்டால் வரிசை நீளும் என்பது உறுதி.

அப்புறம், அடுக்கில் நாம் எடுப்பது எப்போதும் மேலே இருக்கும் புதுசைத்தான். இதனால் சராசரிக் காத்திருப்பு மாறாது. ஆனால் ஏற்றத்தாழ்வு பயங்கரமாகிவிடும்: நேற்று வந்தது இன்றே கைக்கு வரும், அடியில் கிடக்கும் தடித்த நாவலின் முறை லேசில் வராது.

தீர்வும் தொலைபேசி உலகத்திலிருந்தே வருகிறது. காத்திருப்பவர்களில் சிலர் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்தால் என்ன ஆகும் என்று சுவீடனைச் சேர்ந்த கோனி பாம் 1940-களில் கணக்குப் போட்டார். காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விலகிப்போகும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தால்கூடப் போதும், எத்தனை பேர் வந்தாலும் வரிசை எல்லையில்லாமல் வளராது. ஏனென்றால் வரிசை நீள நீள, விலகுபவர்களும் கூடுவார்கள்.

ஆகவே வாசகருக்கு என் யோசனை: வாங்குவதை நிறுத்த வேண்டாம் (நிறுத்தவும் மாட்டீர்கள்), வெளியே போக ஒரு வழி வையுங்கள். ஒரு வருடம் தொடாததைத் தெரிந்தவர்களுக்கோ பக்கத்து நூலகத்துக்கோ கொடுத்துவிடலாம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைவாசிகளுக்காகப் புத்தகம் சேகரிக்கச் சிறைத்துறையே ஓர் அரங்கு போட்டிருந்தது. கொடுக்கும்போது மேலே இருப்பதை எடுக்காமல், அடியிலிருந்து உருவுங்கள்.