கேரம் ரீபவுண்டும் ப-கோ-ப விதியும்

கேரமில் நேர்வழியை வேறொரு காயின் மறித்தால், எதிர்ச் சட்டத்தில் ஸ்டிரைக்கரை மோதித் திருப்புவதுதான் வழி. வண்ணாரப்பேட்டை, காசிமேடு தெருமுனைகளில் இதைக் கண்ணளவிலேயே அடிப்பார்கள். (2024 கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர்தான்.) சட்டத்தில் எந்த இடத்தில் மோத வேண்டும் என்பதை சர்வசம முக்கோணங்களை (ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்துபவை) வைத்து நிறுவலாம்.

ஸ்டிரைக்கர் அ, காயின் க. க-விலிருந்து சட்டத்துக்குச் செங்குத்துக்கோடு வரையுங்கள். அது சட்டத்தைத் தொடும் இடம் ந. கோட்டை அதே நீளம் அப்பால் நீட்டினால் ம. இப்போது அ-வையும் ம-வையும் இணைக்கும் நேர்கோடு சட்டத்தை வெட்டும் புள்ளி த. அங்கேதான் அடிக்க வேண்டும்.

காரணம் இது. முக்கோணங்கள் கநத, மநத இரண்டிலும் கந = மந; ந-வில் 90°; நத பொதுப்பக்கம். இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் சமம் என்பதால் ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதிப்படி இவை சர்வசமம். எனவே ∠கதந = ∠மதந. ∠மதந-வின் குத்தெதிர்க் கோணம், ஸ்டிரைக்கர் சட்டத்தோடு வந்து சேரும் கோணம். ஆக, வரும் கோணமும் காயினை நோக்கிப் போகும் கோணமும் சமம். சுழலாமல் போகும் ஸ்டிரைக்கர் ஏறக்குறைய அப்படித்தான் திரும்பும்.

சட்டத்திலிருந்து ஸ்டிரைக்கர் 40 செ.மீ., காயின் 20 செ.மீ. தள்ளி, பக்கவாட்டு இடைவெளி 30 செ.மீ. என்றால், த காயின் பக்கத்திலிருந்து 10 செ.மீ.யில் வரும். ஆனால் ஸ்டிரைக்கரின் விட்டம் 4 செ.மீ.க்குச் சற்றுக் கூட. அதன் மையம் சட்டத்தைத் தொடவே தொடாது. ஆகவே சட்டத்துக்கு 2 செ.மீ. உள்ளே ஒரு கோட்டைக் கற்பனை செய்து, அங்கிருந்துதான் அளக்க வேண்டும். இதை விட்டால் குறி தப்பும்.

தேர்வில் குறி தப்புவது வேறு இடத்தில். ‘பிரதிபலிப்பு விதிப்படி ∠கதந = ∠மதந’ என்று முதல் வரியிலேயே எழுதி, கோ-ப-கோ (கோணம்-பக்கம்-கோணம்) போட்டுவிடுகிறார்கள். நிறுவ வேண்டியதையே காரணமாகக் காட்டினால் மதிப்பெண் எப்படி வரும்? உச்சிகளின் வரிசையும் முக்கியம்: △கநத ≡ △மநத சரி, △மதந என்றால் தப்பு.

‘இடைப்பட்ட’ என்ற நிபந்தனையை வரைந்தே சோதிக்கலாம். 30° கோணம் வரைந்து, ஒரு கதிரில் 8 செ.மீ. குறியுங்கள். அந்தப் புள்ளியில் கவராயத்தை ஊன்றி 5 செ.மீ. வில் வரைந்தால், அது மறு கதிரை 3.9 செ.மீ.யிலும் 9.9 செ.மீ.யிலும் வெட்டும். அளவுகள் மூன்றும் அதேதான், முக்கோணமோ இரண்டு. ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. கோணம் இரு பக்கங்களுக்கு நடுவில் இல்லாததால் வந்த வினை.

30°-க்குப் பதில் 90°, வில்லுக்கு 10 செ.மீ. வையுங்கள். மறு கோட்டை இருபுறமும் நீட்டினாலும் வில் வெட்டுவது மூலையிலிருந்து இரு பக்கமும் சரியாக 6 செ.மீ.யில். கிடைக்கும் இரண்டு முக்கோணங்களில் ஒன்றைப் புரட்டினால் மற்றது. செங்கோணத்துக்கு மட்டும் செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) என்று தனி விதி கிடைத்தது இதனால்தான்.