படுக்கைக்குக் கீழே கொதித்த பேட்டரி

காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். லாரி, வேன், டிராக்டர்தான் பிழைப்பு. கேரவன் என் கைக்கு வந்தது சினிமாக்காரர்கள் புண்ணியத்தில். கானாடுகாத்தான் வீடுகளில் ஷூட்டிங் நடக்கும்போது ஏசி நின்றுவிட்டது, லைட் எரியவில்லை என்று கூப்பிடுவார்கள். இப்போது குடும்பங்களே கேரவன் வாங்கி, ஊர் விசேஷத்துக்கு அதிலேயே வந்து இறங்குகின்றன.

போன சித்திரையில் அப்படி ஒரு வண்டி. கானாடுகாத்தானில் சாந்தி கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி எத்தனை அறை இருந்தாலும் ஏசி உள்ளது இரண்டுதான், அதனால் பிள்ளைகளைக் கேரவனில் தூங்க வைத்திருக்கிறார்கள். முகப்பில் இருந்து வயர் இழுத்து வண்டிக்குக் கரண்டு. மதியம் டிரைவர் போன் செய்தார். "அண்ணே, பேட்டரிப் பெட்டியத் தொட முடியல, சுடுது. ஆச்சி வேற சத்தம் போடுறாக."

ஆச்சி சத்தம் போட்டது பேட்டரிக்காக இல்லை. சாந்தி வீட்டில் எவன் முட்டை அவித்தான், அதுவும் அழுகின முட்டை, என்று சமையல்காரரைப் பிடித்திருக்கிறார். பாவம், அவர் அடுப்பில் இருந்தது பால்பணியாரம். அந்த நாற்றம் கேரவனில் இருந்து வந்தது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும் லெட் ஆசிட் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரலாம். அதன் வாசனை அழுகின முட்டைதான். கூடவே வரும் ஹைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். அன்றைக்கு ஆச்சியின் மூக்குதான் எங்களுக்கு அலாரம்.

போனிலேயே சொன்னேன்: பிள்ளைகளை இறக்குங்கள், கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிடுங்கள், வீட்டுப் பக்கம் பிளக் சுவிட்சை அணையுங்கள், வண்டிக்குள் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். டிரைவர் பேட்டரி கிளிப்பைக் கழற்றிவிடட்டுமா என்றார். பதறிவிட்டேன். சார்ஜ் ஏறும்போது கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும், அந்தப் பொறிதான் வேண்டாம். நான் போய்ச் சேர்ந்து, காற்றாட விட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் கழற்றினேன். மைனஸ் முதலில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே ஷார்ட்.

படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் பிளைவுட் பெட்டி, அதற்குள் டியூபுலர் என்கிற லெட் ஆசிட் வகை பேட்டரி இரண்டு, பக்கவாட்டில் உப்பிக் கிடந்தன. பெட்டியில் ஒரு காற்று ஓட்டை கூட இல்லை. அதன் மேல்தான் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

மாற்று பேட்டரி ஒன்றை வைத்து, கரண்டு கொடுத்து, மீட்டர் பிடித்தேன். கோளாறு சார்ஜரில். 12 வோல்ட் பேட்டரி நிறைந்து ஓய்ந்து நிற்கும்போது 12.6, 12.7 காட்டும். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகலாம். நிறைந்த பிறகு சார்ஜர் 13.5 பக்கம் இறங்கி நிற்க வேண்டும். இது இறங்கவே இல்லை, 15.7-இல் நின்றது. சித்திரை வெயிலில் இது இன்னும் மோசம். சூடு ஏற ஏற வோல்ட்டேஜைக் குறைக்க வேண்டும், 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்குச் சுமார் 0.02 வோல்ட். 25 டிகிரிக்கு வைத்த அளவு 45 டிகிரிப் பெட்டிக்குள் 0.4 வோல்ட் அதிகம்.

"தண்ணி நிறையக் குடிக்குமா?" என்று டிரைவரைக் கேட்டேன். "வாரம் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறேண்ணே" என்றார், ஏதோ நல்ல பராமரிப்பு மாதிரி. வீட்டு இன்வெர்ட்டருக்கே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் ஊற்றுகிறோம். வாரா வாரம் தண்ணீர் கேட்டால் ஓவர் சார்ஜ் என்று அர்த்தம்.

சாதாரண வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது டைனமோ ஒன்றுதான். கேரவனில் டைனமோ, வெளிக் கரண்டு, சில வண்டியில் கூரை மேல் சோலார் என மூன்று வழி, மூன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. எதில் எது கெட்டாலும் போய்ச் சேரும் இடம் அந்தப் பெட்டி. இழுக்கும் கரண்டும் சாதாரணம் இல்லை. 1500 வாட் ஏசியை இன்வெர்ட்டரில் ஓட்டினால் 12 வோல்ட் பக்கம் 125 ஆம்பியர் ஓடும். வயர் முனையில் இருக்கும் உலோகக் காது, அதாவது லக், ஒன்று கொஞ்சம் லூசாகி, அந்த இடத்தில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை வந்தால் போதும், 156 வாட் சூடு. ஐந்து சால்டரிங் அயர்னைப் படுக்கைக்குக் கீழே சொருகி வைத்தது போல.

சமீபத்தில் இன்னொரு வழக்கம் பார்க்கிறேன். பழைய பேட்டரியைத் தூக்கிவிட்டு அதே வயரில், அதே சார்ஜரில் லித்தியம் மாட்டுகிறார்கள். லித்தியம் கொடுக்கிற கரண்டை எல்லாம் வாங்கும். டைனமோ சூடேறிக் கருகும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு ஓடும்போதே துண்டித்துக்கொண்டால் வோல்ட்டேஜ் எகிறி டைனமோ டயோடும் போய்விடும். டைனமோ கரண்டை அளவாக்கி பேட்டரிக்குக் கொடுக்க நடுவில் டிசி டு டிசி சார்ஜர் வேண்டும். பேட்டரியும் அடங்கிய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே 1953-இல் சிக்ரி என்கிற மத்திய ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊரில் இருந்துகொண்டு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது!

சரி, அந்தக் கேரவனுக்கு வருவோம். டாஷ்போர்டில் பாடி கட்டிய கம்பெனியின் புத்தகம் இருந்தது. எண்ணைப் பார்த்து அழைத்தேன். எதிர்முனைப் பையன் சாவகாசமாகச் சொன்னான்: "அந்த பேட்ச் சார்ஜர் எல்லாத்தையும் திரும்பக் கூப்பிட்டு ஃப்ரீயா மாத்திக் கொடுக்கிறோம் சார். லெட்டர் போட்டோமே!" போட்டிருக்கிறார்கள், கோயம்புத்தூரில் இருக்கும் முதல் ஓனருக்கு. இவர்கள் வாங்கியது செகண்ட் ஹேண்டில். பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி உறையில் போட்டு வைத்ததோடு சரி, ஆர்.சி. பெயர் மாறவே இல்லை. வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம். அபராதம் வரும், இன்சூரன்சில் சிக்கல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கோளாறான பாகத்தை மாற்றத் திரும்ப அழைக்கும் ரீகால் கடிதமும் பழைய வீட்டுக்கே போகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ரீகால் என்றாலே வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1966-இலேயே சட்டம் வந்தது. 17 எழுத்து வண்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் பாக்கி ரீகால் இருக்கிறதா என்று தெரியும், மோட்டார்ஹோமுக்கும் அந்தச் சட்டம் உண்டு. இங்கே 2012 முதல் கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்தன. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்து, 2021 ஏப்ரல் முதல் கட்டாய ரீகாலுக்கு அரசே உத்தரவிடலாம் என்றானது. 2022 ஏப்ரலில் ஒகினாவா என்ற மின்சார ஸ்கூட்டர் நிறுவனம் பேட்டரியில் லூஸ் கனெக்டர் இருக்கிறதா என்று பார்க்க 3,215 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்ததே, அதுவும் ரீகால்தான்.

கேரவனில் கூடுதலாக ஒரு சங்கடம். இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிப்பாகமான சேஸிஸ் ஒரு கம்பெனி, மேலே கட்டிய வீடு வேறொரு கம்பெனி. ஷோரூமில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் "உங்கள் வண்டிக்கு ஒன்றும் இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வது இன்ஜின், பிரேக் பற்றி. படுக்கைக்குக் கீழே இருக்கும் சார்ஜர் அவர்கள் கணக்கிலேயே இல்லை. அதனால் இரண்டு இடத்திலும் கேளுங்கள், சேஸிஸ் எண்ணோடு சார்ஜர் மேல் இருக்கும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ரீகால் வேலைக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மாற்றும்வரை வெளிக் கரண்டு கொடுக்க வேண்டாம்.

மூன்று வாரத்தில் புது சார்ஜர் வந்தது, கம்பெனி ஆளே வந்து மாட்டினார். பெட்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வெளிப்பக்கமாக இரண்டு காற்று ஓட்டை நான் போட்டுக் கொடுத்தேன். இப்போது 13.5-இல் நிற்கிறது. ஆர்.சி. மட்டும் இன்னும் கோயம்புத்தூர்க்காரர் பெயரில்தான். அடுத்த மாதம் மாற்றிவிடுவார்களாம், டிரைவர் சொன்னார்.