ஒற்றை முன்பல்லுக்கு கேப் போடுவது ஏன் கஷ்டம்?

கடைவாய்ப் பல்லுக்கு கேப், அதாவது பல்லின்மேல் மாட்டும் செயற்கை உறை, போடும்போது நிறத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கடித்தால் உடையக் கூடாது, அவ்வளவுதான். மேல்வரிசையில் நடுவே இருக்கும் இரண்டு பற்களில் ஒன்றுக்கு மட்டும் போடும்போதுதான் சிக்கல். ஒட்டினாற்போல் அதன் ஜோடி நிற்கிறது. கொஞ்சம் பிசகினாலும் எதிரில் பேசுபவரின் கண் அங்கேதான் போகும்.

பல் வெள்ளை என்கிறோம். கண்ணாடி முன் நின்று நன்றாகப் பாருங்கள், அது ஒரே நிறமாக இருக்காது. வெளியே உள்ள எனாமல் பால்கண்ணாடி மாதிரி, ஒளியை உள்ளே விடும். உள்ளே இருக்கும் டென்டின் மஞ்சள் சாயல் கொண்டது. பல்லின் நிறத்தில் பெரும்பங்கு இந்த டென்டினுடையதுதான். ஈறோரம் எனாமல் மெலிந்திருப்பதால் மஞ்சள் தூக்கலாகத் தெரியும். கடிக்கும் நுனியில் டென்டினே கிடையாது. அங்கே லேசான நீலச் சாம்பல் ஓடும். எனாமலின் நுண்படிகங்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதுதான் காரணம். வானம் நீலமாகத் தெரிவதும் இந்த மாதிரிச் சிதறலால்தான்.

ஆக, பல்லுக்குச் சாயம் பூசினால் போதாது. ஒளி உள்ளே போய் அலைந்துவிட்டு வெளியே வர வேண்டும். உலோகத் தொப்பிமேல் பீங்கான் ஏற்றும் பழைய முறை இங்கேதான் தடுமாறியது. உலோகத்தின் கருமையை மறைக்க ஒளிபுகாத பூச்சு ஒன்று தேவை. ஒளி அதில் மோதி அப்படியே திரும்பிவிடும், பல் உயிரில்லாமல் தெரியும். ஈறு விலகினால் ஓரத்தில் கருங்கோடு வேறு. இன்று முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட், சிர்கோனியா என உலோகமில்லாத பொருள்கள் வந்துவிட்டன.

சரி, நிறத்தை எப்படிப் பிடிப்பது? ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த 16 மாதிரிப் பற்களின் வரிசை இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பல்லோரம் வைத்து, பகல் வெளிச்சத்தில், சில விநாடிகள் மட்டும் பார்ப்பார்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஏமாற்றும். பல்லைச் செதுக்குவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து வெளுத்துவிடும். லிப்ஸ்டிக்கையும் துடைக்கச் சொல்வார்கள்.

அப்புறம் வேலை லேபுக்குப் போகிறது. என் பார்வையில் பாதிக்கு மேல் திறமை அங்கே, நாம் முகம் பார்க்காத டெக்னீஷியனின் கையில்தான் இருக்கிறது. பீங்கான் பொடியை நீர்மத்தில் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றுவார். கீழே டென்டின் நிறம். அதன் நுனியைச் சின்ன விரல்கள் மாதிரிப் பிரித்துவிடுவார், இளம்பற்களுக்குள் அப்படித்தான் இருக்கும். மேலே எனாமல் பொடி. சூளையில் வேகும்போது பீங்கான் நன்றாகச் சுருங்கும், அதனால் பல்லை வேண்டுமென்றே பெரிதாகக் கட்டுவார். காற்றை உறிஞ்சிவிட்டு வேகவைப்பதும் காரணமாகத்தான். குமிழிகள் தங்கினால் பீங்கான் மங்கிவிடும்.

மேற்பரப்பு வழவழவென்று இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அசல் பல்லில் மெல்லிய குறுக்குவரிகளும் மேடுபள்ளங்களும் உண்டு. அவற்றையும் செதுக்குவார்கள். இடம் அகலமாகிப் போயிருந்தால், பல்லின் முன்முகம் பக்கவாட்டில் திரும்பும் இரு விளிம்புகளை உள்நோக்கி நகர்த்துவார்கள். ஒளி பட்டுத் திரும்பும் பகுதி குறுகுவதால் பல்லும் குறுகலாகத் தெரியும். புற ஊதா விளக்கில் அசல் பல் நீலவெண்மையாக ஒளிரும், அந்தக் குணத்தையும் பீங்கானில் கலந்திருப்பார்கள். இல்லாவிட்டால் டிஸ்கோ வெளிச்சத்தில் அந்த ஒரு பல் மட்டும் காணாமல் போன மாதிரி இருட்டாக நிற்கும்.

கேப் வந்ததும் டாக்டர் உடனே ஒட்டிவிட மாட்டார். வேர்ச் சிகிச்சையில் கருத்துப்போன பல் அடியில் இருந்தால், அந்தக் கருமை மெல்லிய கேப் வழியே எட்டிப் பார்க்கும். சிமென்ட்டின் நிறமும் வெளியே தெரியும். அதனால் சிமென்ட்டின் அதே நிறமுள்ள, ஆனால் இறுகாத சோதனைப் பசையை முதலில் தடவி, பொருத்தி, கையில் கண்ணாடியைக் கொடுப்பார். ஜன்னலோரம் போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள். சிமென்ட் இறுகிவிட்டால் கேப்பை அறுத்துத்தான் எடுக்க முடியும்.